தகரப்பெட்டியை எரிப்பதற்கு முன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தோட்டத்து வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு,

உங்களில் பெரும்பாலோரை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும். ஓடாத மின்விசிறி, தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்கு உழக்கு, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு தகரப்பெட்டி. பூட்டு உடைந்திருக்கும். பச்சைப் பெயின்ட் உரிந்திருக்கும். பெட்டி இல்லாத வீட்டில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று அந்த இடத்தில் இருக்கும். பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் கழுவும்போது யாராவது அதைத் திறப்பார்கள். "எல்லாம் பழைய சூராட்டு, கரையான் ஏறிடும்" என்பார்கள். பின்பக்கம் கொண்டுபோய்த் தீ வைப்பார்கள்.

அந்தத் தீக்காகத்தான் இந்த மடல். அதை நானே ஒருமுறை மூட்டியிருக்கிறேன்.

1997. எங்கள் தோட்டம் வீடமைப்புக்குப் போனது. லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடைசி வாரம். அண்ணன் லாரி பிடித்து வந்திருந்தார், வாடகை மணிக்கணக்கு. புது வீடு அடுக்குமாடியில் நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது. பெட்டியை யார் தூக்குவது? வாழைமரத்தடியில் குந்தி உட்கார்ந்து, பாட்டி சேர்த்து வைத்திருந்த காகிதங்களைப் பிடி பிடியாகத் தீயில் போட்டேன். சம்பளத் துண்டுகள், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள், செட்டியார் கடை அடகுச் சீட்டுகள், யாருடையதென்றே தெரியாத ஒரு கைநாட்டுக் காகிதம். அப்போது நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மலாக்கா சுல்தான்களின் வரிசையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தவள். இரண்டு பித்தளைத் தவலைகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். அந்தக் காசில் அன்று மதியம் எல்லாருக்கும் மீ கோரெங் வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது.

பன்னிரண்டு வருடம் கழித்து என் அம்மாவின் அம்மாவைப் பெற்றவரை, என் பூட்டியைத் தேடத் தொடங்கியபோதுதான் அன்று என்ன எரிந்தது என்று புரிந்தது.

தேடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு பேனர். உறவுக்காரர் ஒருவர் வீட்டுக் குடும்ப ஒன்றுகூடல். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீ-சட்டை. மண்டபத்தின் வாசலில் பத்தடி நீளத்துக்கு வம்சாவளி மரம் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். ஆறு தலைமுறை. பிள்ளைகள் உழைத்துத்தான் செய்திருந்தார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அருகில் போய்ப் படித்தால், மேலே மூன்று வரிசையிலும் ஆண்களின் பெயர்கள் மட்டும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் 'மனைவி'. பெயர் இல்லை. ஓர் இடத்தில் 'மனைவி 1, மனைவி 2'. நான் கேட்டேன். "டீச்சர், பேர் யாருக்கும் தெரியல" என்றார் அந்தத் தம்பி. உண்மையைத்தான் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் யோசித்தேன், என் பூட்டியின் பெயரும் எனக்குத் தெரியவில்லை.

தாத்தா 'வந்தார்', பாட்டி 'வந்தாள்' என்றுதான் நமக்கு வாய் பழகியிருக்கிறது. இந்த மடலில் என் பூட்டி 'வந்தார்' என்றே எழுதப்போகிறேன். பழக்கத்தை எங்கேயாவது தொடங்க வேண்டும் அல்லவா?

எங்கே தேடுவது? பேர் தெரியாமல் போனது நம் பாட்டன்மாரின் குற்றம் மட்டுமில்லை. நம் அடையாள அட்டையே அப்படித்தான். ஒரு பெண்ணின் பெயர், பிறகு 'அனாக் பெரெம்புவான்', பிறகு அப்பாவின் பெயர். அவருடைய மகளுக்கு அவருடைய கணவனின் பெயர். ஒவ்வொரு தலைமுறையிலும் தாயின் பெயர் காகிதத்திலிருந்து நழுவிவிடும். கல்யாணப் பத்திரமாவது உதவுமா என்றால், இந்து முறைப்படி நடந்த திருமணங்களைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1982 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியவர்களுக்கு ஊர்தான் சாட்சி. ஆகவே பதிவிலாகாவுக்குப் போய்ப் பூட்டியின் திருமணச் சான்றிதழ் வேண்டும் என்று வரிசையில் நின்று காலத்தைக் கழிக்காதீர்கள். நான் கழித்தேன்.

அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் பாட்டியின் பெயர் இருந்தது. பாட்டியின் அடையாள அட்டை 1948இல் அவசரகாலத்தின்போது எடுத்தது. அதில் பிறந்த தேதி கிடையாது, வருடம் மட்டும். அதுவும் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி முகத்தைப் பார்த்துப் போட்ட வருடமாகத்தான் இருக்கும். அதற்கு மேலே போக வழியில்லாமல் இரண்டு வருடம் நின்றேன். பிறகு மாமா வீட்டில் ஒரு துணி அலமாரியை நகர்த்தினார்கள். தட்டில் விரித்திருந்த பழைய நாளிதழுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள்.

1960களில் பாட்டியின் குடியுரிமைக்காக எழுதிய சத்தியப் பத்திரம் அது. பிறந்ததற்குக் காகிதம் இல்லாதவருக்காக, அவர் பிறந்தது தெரிந்த ஒருவர் வந்து உறுதி சொல்லியிருக்கிறார். பக்கத்து லயத்துக் கிழவர். இந்தப் பெண்ணை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், இவளுடைய தாயையும் தெரியும், தாயின் பெயர் இன்னது, காப்பி இருந்த காலத்திலேயே இந்தத் தோட்டத்துக்கு வந்தவர், புல் வெட்டினார், பிற்பாடு பால் வெட்டினார், இந்தப் பிள்ளையை இன்ன லயத்தில் பெற்றார். நாலு வரி. கீழே கிழவரின் கட்டைவிரல் ரேகை. என் பூட்டி இந்த மண்ணில் உழைத்ததற்கு உலகத்தில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். அதுகூட அவருக்காக எழுதப்பட்டதில்லை. மகளுக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரு மனிதர் போகிறபோக்கில் தாயையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

'காப்பி இருந்த காலம்' என்ற அந்த மூன்று சொல்லைக் கவனியுங்கள். நாம் எல்லாரும் பால்மரத்தின் பிள்ளைகள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 1890களில் சிலாங்கூரில், கிள்ளானைச் சுற்றி, தோட்டம் என்றால் காப்பி. லைபீரியக் காப்பி, பெரிய இலை, பெரிய பழம். அந்தப் பத்தாண்டின் கடைசியில் பிரேசில் காப்பி சந்தையில் வந்து குவிந்து விலை படுத்துவிட்டது. தோட்டக்காரர்கள் காப்பிக்கு நடுவே ரப்பர் கன்றை நட்டார்கள், பிறகு காப்பியைப் பிடுங்கினார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதிக்குக் 'காப்பிக்காடு' என்று பெயர். சின்ன வயதில் அங்கே செம்பனையைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை, பெயர் ஏன் என்று கேட்டதுமில்லை. கிழவரின் அந்தச் சொல்லும் அந்தக் காட்டின் பெயரும் சேர்ந்து என் பூட்டியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தின. காப்பி வேர்விட்ட காலத்தில் வந்தவர், வயிற்றில் பிள்ளையோடு அதைப் பிடுங்குவதையும் பார்த்திருப்பார்.

வீட்டுக் கதைகளை நான் மதிக்கிறேன், ஆனால் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் பூட்டி 'ரஜூலா கப்பலில்' வந்தார் என்றே சொல்லிவந்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள், எல்லார் வீட்டுப் பூட்டியும் ரஜூலாவில்தான் வந்திருக்கிறார்! ரஜூலா கட்டப்பட்டது 1926இல். காப்பிக் காலத்துப் பெண் அதில் ஏறியிருக்க முடியாது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமே 1901இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் வந்தவர்கள் பினாங்கில் இறங்கி, கடலோரக் கப்பல் மாறி, கிள்ளான் ஆற்றுக்குள் வந்திருப்பார்கள். அப்படியென்றால் ரஜூலாக் கதை பொய்யா? முழுப் பொய்யில்லை. பிற்பாடு பாட்டியின் அண்ணன் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பியது ரஜூலாவில். ஒரு குடும்பத்தின் எல்லாப் பயணங்களும் ஒரே கப்பலில் ஏறிக்கொண்டன, அவ்வளவுதான்.

பெயர் விஷயம் இன்னொரு தலைவலி. தோட்டத்துக் கிராணிகளில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத்துக்காரர்கள். வேலைக்காரப் பெண் சொன்ன பெயரை அவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதை மலாயில் இன்னொருவர் படியெடுத்தார். லட்சுமி 'லெச்சுமி' ஆனது நமக்குத் தெரியும். மீனாட்சி 'மினாச்சி', அஞ்சலை 'அஞ்சாலி', பாப்பாத்தி 'பப்பாடி'. என் பூட்டியின் பெயர் சத்தியப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், மாமாவின் பழைய பள்ளிச் சேர்க்கைத் தாளின் ஓரத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, குடும்பத்தில் எல்லாருக்கும் அது பொதுவில் வருவதில் சம்மதமில்லை. ஆனால் நீங்கள் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிராணியின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று கேளுங்கள்.

மூன்றாவது சாட்சி ஒரு சொம்பு. தவலைகளை எடைக்குப் போட்ட அன்று சின்ன அண்ணி சாமிக்கு நீர் வைக்க ஒரு பித்தளைச் சொம்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அதன் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக அடித்துப் பெயர் வெட்டியிருக்கிறது. சீயக்காயும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டது. சாக்கட்டியை உரசி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படித்தோம். பழைய எழுத்து, மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஒரே சொல்லை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒரு விதத்தில் படித்தால் சத்தியப் பத்திரத்தில் இருக்கும் பெயர். அதையடுத்து ஊர்ப் பெயரின் முதல் எழுத்து, மீதி தேய்ந்துபோயிற்று. அந்தத் தேய்மானமும் ஒரு பதிவுதான் என்று ஆறுதல் சொல்லலாம். எனக்கு ஆறுதலாக இல்லை. எடைக்குப் போன தவலையில் முழு ஊரும் இருந்திருக்கும்.

ஊரைப் பற்றி வேறொரு துப்பு அம்மாவிடம் கிடைத்தது. தீபாவளிக்கு முதல்நாள் முன்னோருக்குப் படையல் போடுகிறோமே, அதில் பாட்டி எப்போதும் ஓர் இலை தனியாகப் போடுவாராம். தாத்தா வீட்டுக் குலதெய்வத்துக்கு ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று, ஓரத்தில் சின்னதாக ஒன்று. "அது எங்கம்மா சாமி" என்பாராம். பச்சையம்மன். குலதெய்வம் ஆண்வழிதான் போகும் என்பார்கள், கல்யாணமானதும் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமி. ஆனால் ஒரு தாயும் மகளும் எழுபது வருடம், யாரிடமும் விவாதம் செய்யாமல், ஓரமாக ஓர் இலை போட்டுத் தங்கள் வழியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பச்சையம்மன், மன்னார்சாமி வழிபாடு வட தமிழ்நாட்டில்தான் அதிகம். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கம். அன்றைக்கு ஆற்காடு மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். சொம்பின் முதல் எழுத்தில் தொடங்கும் ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. அதற்கு மேல் நான் போகவில்லை.

இவ்வளவையும் ஏன் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும், அரசாங்கத்தில் இருக்காதா என்று கேட்பீர்கள். மொரிஷியஸுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் கயானாவுக்கும் போன நம் மக்களுக்கு இருக்கிறது. அவர்கள் சஞ்சியில், அதாவது ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், ஒவ்வொரு தலைக்கும் எண்ணும் பதிவும் உண்டு. 1860இல் மதராசிலிருந்து டர்பனுக்குப் போன 'ட்ரூரோ' கப்பலின் ஆட்பட்டியல் இன்றும் இருக்கிறது. மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் அந்தப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது, புகைப்படங்களோடு. கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கையுத்ரா பகதூர் தன் பூட்டி சுஜாரியாவைத் தேடிப் போனார். 1903இல் கல்கத்தாவிலிருந்து 'கிளைட்' கப்பலில் தனியாக, நான்கு மாதக் கர்ப்பிணியாகப் போனவர் சுஜாரியா. அவருடைய பயண அனுமதிச் சீட்டு கிடைத்தது. அதிலிருந்து தொடங்கி 'கூலி வுமன்' என்ற நூலை 2013இல் வெளியிட்டார் கையுத்ரா. ஒரே ஒரு சீட்டு, அதிலிருந்து ஒரு புத்தகம்.

நம் பூட்டிகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. மலாயாவுக்கும் சஞ்சிக்கூலியாக வந்தவர்கள் உண்டு, அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஆனால் காப்பிக்கும் ரப்பருக்கும் வந்த கூட்டத்தை ஊருக்குப் போய் அழைத்து வந்தவர் கங்காணி. கணக்கு அவர் கையில். இறங்கிய பிறகு தோட்டத்து ஆள்பதிவேட்டில், செக்ரோலில். தோட்டம் கைமாறியது, ஜப்பான்காரன் வந்தான், கம்பெனி பேர் மாறியது, கடைசியில் தோட்டமே வீடானது. சீஃபீல்டு தோட்டம் யூ.எஸ்.ஜே. ஆனபோது செக்ரோலை யார் பத்திரப்படுத்துவார்கள்?

தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்நூற்றாண்டிலிருந்து. போய்ப் பாருங்கள், போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பூட்டி அதில் பெயராக வரமாட்டார். எண்ணாக வருவார். ஆண் இத்தனை, பெண் இத்தனை, பிள்ளை இத்தனை, செத்தது இத்தனை. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் நல்ல மனிதர், சதுப்பைத் தூர்த்து, கால்வாய் வெட்டி மலேரியாவை ஒடுக்கி ஆயிரக்கணக்கான உயிரைக் காத்தவர். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றை அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கணக்கு எழுதினார். நூற்றுக்கு இத்தனை வீக்கம் என்று 1911இல் வந்த அவருடைய நூலில் அட்டவணை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் நம் பூட்டிகள். பிள்ளையின் மண்ணீரல் சரித்திரத்தில் இருக்கிறது, தாயின் பெயர் இல்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய வேலை அது. பெயரைக் காப்பது நம் வேலையாக இருந்தது.

எண்ணிலும்கூட அவர்கள் குறைவுதான். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 300 பேர். விடியுமுன் தண்டவாளத் துண்டில் மணி அடிக்கும், பெரட்டுக்கு, பேர் கூப்பிடும் வரிசைக்குப் போக வேண்டும், அதற்குள் கஞ்சி காய்ச்சி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும். ஆணுக்குச் சமமான மரம், சமமான மங்கு, சமமான மழை. கூலி சமமில்லை. 1920களின் கடைசியில் அரசாங்கம் விதித்த கூலியே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. காப்பிக் காலத்தில் இதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும்.

1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்.எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், துப்பாக்கிச் சூடு. துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்ற கோரிக்கையை மேடையில் எல்லாரும் சொல்வார்கள், கைதட்டு வாங்கும். அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கை இருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களிடம் துரைமாரும் அவர்களைச் சேர்ந்த உத்தியோகஸ்தரும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது அது. சைக்கிள் நினைவிருக்கிறது. இது மறந்துவிட்டது. அந்தக் கோரிக்கை ஒருநாளில் முளைத்ததில்லை. காப்பிக்காட்டிலிருந்து நாற்பது ஐம்பது வருடம் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சுமந்தது, அன்றைக்குத்தான் காகிதத்தில் ஏறியது.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. பெயர்கள் தாமாக மறைந்துவிடவில்லை, சிலவற்றை நாமே மறைத்தோம். என் தேடலில் மூன்று வீடுகளில் "அதையெல்லாம் கிண்டாதீங்க" என்றார்கள். பூட்டி இரண்டாவதாக ஒருவரோடு வாழ்ந்திருக்கிறார். கப்பலிலேயே ஒருவரைச் சேர்ந்துகொண்டு வந்திருக்கிறார். கங்காணியோடு சம்பந்தப்படுத்திப் பேச்சு வந்திருக்கிறது. சாதி மாறியிருக்கிறது. இதில் என்ன வெட்கம் என்று எனக்குப் புரியவில்லை. மூன்று ஆணுக்கு ஒரு பெண்கூட இல்லாத இடத்தில், காய்ச்சலில் கணவன் செத்தால், கையில் பிள்ளையோடு இருக்கும் இருபது வயதுப் பெண் வேறென்ன செய்வார்? அடுத்தவன் மனைவியை ஆசைகாட்டிக் கூட்டிப்போனால் குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் 498ஆம் பிரிவே இருந்தது. மனைவி ஒரு பொருள், அதைக் களவாடியவன் மேல் வழக்கு. நம் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது எப்போது தெரியுமா? 2023 டிசம்பரில். அந்த மாதிரி வழக்குகளில்தான் தோட்டத்துப் பெண்களின் குரல் கொஞ்சமாவது பதிவாகியிருக்கிறது. அருணிமா தத்தா 2021இல் எழுதிய 'ஃபிலீட்டிங் ஏஜென்சீஸ்' என்ற நூல் மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றியதுதான். அடிபட்டவள், கெட்டுப்போனவள் என்று கோப்புகள் வரைந்த படத்துக்குப் பின்னால், சந்தர்ப்பம் கிடைத்த இடத்தில் தனக்கென்று முடிவெடுத்த பெண்களைக் காட்டுகிறார். வெள்ளைக்காரன் கோப்பு எழுதிய அதே வார்த்தையை நாமும் நம் பூட்டிக்கு வைத்து, அதனாலேயே பெயரை மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உயர்ந்த குலத்தில் பிறந்து, ஏமாற்றிக் கப்பலேற்றப்பட்டவர் என்று உங்கள் பூட்டிக்கு ஒரு கதை கட்டவும் வேண்டாம். அதையும் நிறையக் கேட்டுவிட்டேன். புல் வெட்டினார், பால் வெட்டினார், பிள்ளை பெற்றார், புதைத்தார், மறுபடி பால் வெட்டினார். அவருக்கு அதற்கு மேல் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. பெட்டியை எரிக்காதீர்கள், பிரித்துப் பாருங்கள். கல்யாண மொய் நோட்டு கிடைத்தால் தலைமேல் வையுங்கள், யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், யார் 'தாய்மாமன்' என்று எழுதிக் காசு வைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தாய்மாமன் யாரென்று தெரிந்தால் தாயின் வீடு தெரியும். தமிழ் நேசன் 1924இலிருந்து 2019வரை வந்தது, வெட்டி வைத்த மரண அறிவிப்புகள் பெட்டியில் இருந்தால் பின்பக்கத்தில் என்ன விளம்பரம் என்று பார்க்காமல் முன்பக்கத்தைப் படியுங்கள், மகள்கள் எந்தெந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். இடம் மாறிய தோட்டத்துக் கோயில்களின் உபயப் பலகைகளை ஒருமுறை போனில் படம் எடுங்கள், குடமுழுக்குக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால். உங்களில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களாக இருப்பவர்களே, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பள்ளி மாறியபோது கூடவே வந்த பழைய சேர்க்கைப் பதிவேடு உங்கள் அலமாரியில் இருந்தால், இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போடாதீர்கள். வம்சாவளி மரம் வரைபவர்கள் 'மனைவி' என்று எழுதுவதற்குப் பதில் பெயருக்கு ஒரு காலி இடம் விடுங்கள். காலி இடத்தைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள். 'மனைவி' என்று இருந்தால் கேட்கமாட்டார்கள்.

காகிதங்களைவிட அவசரமானது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில், அல்லது பெரியம்மா வீட்டில், அல்லது பந்திங்கிலோ காப்பாரிலோ இருக்கும் ஏதோ ஓர் அத்தை வீட்டில், எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். அவரிடம் "ஊர்ல இருந்து யார் முதல்ல வந்தாங்க" என்று கேட்காதீர்கள், தாத்தாவின் பெயரைத்தான் சொல்வார். "உங்கம்மாவைப் பெத்தவங்க பேர் என்ன பாட்டி?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. உட்கார்ந்திருங்கள். என் அம்மா அந்தக் கேள்விக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, காப்பி ஆற்றும்போது, நான் கேட்காமலே சொன்னார். சத்தியப் பத்திரத்தில் அந்தப் பெயரைப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அது நடந்தது. இரண்டும் ஒன்றுதான்.

அம்மாவுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் தெளிவாகப் பேசுவார், அதன் பிறகு என்னையே தங்கை என்று நினைத்துக்கொள்வார். உங்கள் வீட்டுப் பாட்டி எந்த நேரத்தில் தெளிவாகப் பேசுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். பேனாவும் ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை